ஆளில்லாத சாலையின் ஆட்கள்

மஸ்கட்டிலிருந்து சலாலாவுக்குக் காரில் போகிறவர்கள் நிஸ்வா, ஆதம், ஹைமா, தும்ரைத் என்று பாலைவனத்தின் நடுவே ஓடும் உள்வழியைத்தான் பிடிப்பார்கள். ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். விடியலில் கிளம்பினால் இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். கடலோர வழி சுற்று. சூர் போய், கிழக்குக் கரையோடு இறங்கி, துக்ம், ஷுவைமியா, ஹாசிக், மிர்பாத் என்று வளைந்து போக வேண்டும். இன்னும் சில நூறு கிலோமீட்டர் கூடும். ஒரு பெட்ரோல் பங்கை விட்டால் அடுத்தது எங்கே என்று கேட்டுக்கொண்டுதான் நகர வேண்டும். "அந்தப் பக்கம் என்ன இருக்கு, மணலும் கடலும்தானே?" என்றார்கள் மஸ்கட்டில் எல்லோரும்.

அத்தான் ஓட்டினார். அக்கா முன் இருக்கையில். பேச்சும் பாட்டும் அங்கே. பின் சன்னல் எனக்கு. தை மாதம், ஏசி தேவைப்படவில்லை.

சூரில் கடற்கழிக்கு எதிரே ஒரு கப்பல் பட்டறை இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரு காலத்தில் இந்த ஊர் முழுக்க இதுதான் தொழில். தேக்கு மலபாரிலிருந்து வரும். இங்கே கப்பலாகி, மறுபடி மலபாருக்கும் ஜான்சிபாருக்கும் போகும். 1951இல் இங்கே கட்டிய ஃபத்தா அல் கைர் என்ற பெரிய பாய்மரக் கப்பல் யேமனுக்கு விலைபோய், 1993இல் திரும்ப ஊருக்கே வந்து கரையேறி நிற்கிறது. அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளக் கூட்டம் இருந்தது. பட்டறைக்குள் ஒருவர்தான். பாதி எழுந்த படகின் பலகைகளுக்கு நடுவே எண்ணெயில் ஊறிய பஞ்சைத் திரித்து வைத்து, உளியும் கொட்டாப்புளியுமாகக் கலப்பத்து அடித்துக்கொண்டிருந்தார். தட்டுவது, நகர்வது, விரல் நுனியால் இடுக்கைத் தடவிப் பார்ப்பது, மறுபடி தட்டுவது. விரலுக்குச் சம்மதமானால்தான் அடுத்த சாண். வந்து போகிறவர்கள் யாரையும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கேரளத்துக்காரர் என்று பிறகு யாரோ சொன்னார்கள். தேக்கு வந்த வழியிலேயே ஆளும் வந்திருக்கிறார்.

சூரை விட்டு ஜஅலான் பக்கம் இறங்கியதும் மரங்கள் தொடங்கின. கிழக்கு மணற்காட்டின் விளிம்பு அது. வஹீபா மணல் என்பது பழைய பெயர், இப்போது ஷர்கியா மணல். வடக்கு தெற்காக 180 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 80. அத்தனை பெரிய மணலின் ஓரத்தில் ஒரு காடே நிற்கிறது. காஃப் என்கிறார்கள் ஓமானியர்கள். இலையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, வன்னி. நம் கோயில்களில் தலவிருட்சமாய் நின்று மஞ்சள் கயிறு வாங்கிக்கொள்ளும் அதே வன்னி. இங்கே அதற்குக் கும்பிடு இல்லை, வேலை மட்டும் உண்டு. ஆட்டுக்குத் தழை, அடுப்புக்கு விறகு, ஆளுக்கு நிழல். ஒட்டகத்தின் கழுத்து எட்டும் உயரம்வரை ஓர் இலை இல்லை. அதற்கு மேல்தான் குடை விரிகிறது. மழை சரியாகப் பெய்யாத இடத்தில் ஆழத்து நீரையும் கடலிலிருந்து வரும் பனியையும் நம்பி இவ்வளவு பசுமை. பிரிட்டனின் ராயல் புவியியல் கழகம் 1985-86இல் இங்கே கூடாரம் போட்டு ஆராய்ந்தபோது, வெறும் மணல் என்று நினைத்த இடத்தில் 150 வகைச் செடிகொடிகளை அடையாளம் கண்டது. முகத்தில் புர்கா முகமூடி அணிந்த ஒரு பெதுயின் அம்மாள் நீண்ட கழியால் கிளையை வளைத்து உலுக்கிக்கொண்டிருந்தார். ஆடுகள் தலை தூக்கிக் காத்திருந்தன. கிளையை ஒடிக்கவில்லை, உலுக்கிவிட்டு விட்டுவிட்டார். அடுத்த மரத்துக்குப் போனார்.

அஷ்கராவில் டீ. காபி ஷாப் என்று பலகை, உள்ளே மலையாளிகள். ஓமான் முழுக்க இதுதான் ஏற்பாடு. வண்டியை விட்டு யாரும் இறங்குவதில்லை. வந்து நின்று ஹார்ன் அடிப்பார்கள். பையன் வெளியே ஓடி வருவான். நாங்கள் இறங்கி உள்ளே போய் உட்கார்ந்தோம். எங்கள் மேஜைக்கு எதிரேதான் கல். மைதா உருண்டையைத் தட்டி, வீசி, சுருட்டி, பரோட்டா போட்டுக்கொண்டிருந்தவர் ஒரு கண்ணை வாசலில் வைத்திருந்தார். வெளியே ஒரு பிக்கப், அதில் தலைப்பாகை கட்டிய இரண்டு மீனவர்கள். ஹார்ன் அடிக்கும் முன்பே இவர் வேலையைத் தொடங்கிவிட்டார். சூடான பரோட்டாவில் சீஸ் தடவி, 'சிப்ஸ் ஓமான்' பாக்கெட்டைக் கையிலேயே நசுக்கி அதன்மேல் கொட்டி, காரச் சாறு இரண்டு சொட்டு விட்டு, காகிதத்தில் சுருட்டி, இரண்டு கரக் சாயாவோடு பையன் கையில் கொடுத்தார். பிக்கப்பிலிருந்து ஒரு கை நீண்டது, வாங்கியது, காசு கொடுத்தது. ஒரு சொல் பரிமாறப்படவில்லை. யாருக்கு என்ன வேண்டும் என்பது அந்தக் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. ஊர் என்று சொல்ல இதைவிட என்ன வேண்டும்?

அஷ்கராவுக்குத் தெற்கே மணல்மேடுகள் கடலைத் தொட வந்துவிடுகின்றன. இடையில் மாட்டிக்கொண்டது சாலை. காற்று அடிக்கும்போது தார் தெரிவதில்லை. ஒரு வளைவில் கொடி பிடித்த ஆள் கையை உயர்த்தி நிறுத்தினார். முன்னால் ஒரு ஷவல் வண்டி, சாலையில் ஏறி உட்கார்ந்த மேட்டை அள்ளிக் கடல் பக்கம் கொட்டிக்கொண்டிருந்தது. ஓட்டுபவரின் தலையும் முகமும் துணியால் மூடியிருந்தன, கண்கள் மட்டும் வெளியே. ஒவ்வொரு அள்ளலுக்கும் பின்னால் போய், வாளியைத் தரையோடு ஒட்ட இறக்கி, தாரைக் கீறாமல் மணலை மட்டும் எடுத்தார். அள்ளிய இடத்தில் அப்போதே மெல்லிய மணல் ஊர்ந்து படிய ஆரம்பித்தது. அவரும் பார்த்திருப்பார். நாளை காலை மறுபடி இதே மேட்டுக்குத்தான் வருவார். எங்களை விடச் சொல்லிக் கொடி அசைந்தபோது அத்தான் கையைத் தூக்கினார். கண்களுக்கு மேலிருந்த துணி சற்று அசைந்தது. சாலை என்று நாம் சொல்வது ஒருமுறை போட்டு முடித்த பொருள் அல்ல. இந்த இடத்தில் அது நாள்தோறும் ஒருவர் கையால் மீட்டெடுக்கப்படுகிறது.

ஃபிலிம் என்றொரு மீனவக் கிராமம். அங்கிருந்து தெற்கே பார் அல் ஹிக்மான் தீபகற்பம், கடலுக்கும் நிலத்துக்கும் எல்லை இல்லாத சேற்றுவெளி. குளிர்காலத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேல் கரைப்பறவைகள் இங்கே வந்து இறங்குகின்றன. சைபீரியத் தூந்திரத்தில் குஞ்சு பொரித்தவை இத்தனை தூரம் பறந்துவந்து இந்தச் சேற்றில்தான் உடம்பு தேற்றிக்கொள்கின்றன. விளிம்போடு கொஞ்ச தூரம் நடந்தேன். உப்புப் பொருக்கு காலடியில் அப்பளமாய் நொறுங்கி, அடியில் கருஞ்சேறு தெரிந்தது. அதற்கு மேல் போகக் கூடாது. வண்டியையே விழுங்கிவிடும் என்று ஊர்க்காரர்கள் எச்சரித்திருந்தார்கள். அலை வற்றிக்கொண்டிருந்தது. வற்ற வற்றப் பறவைகள் நீரின் ஓரத்தோடு வரிசையாக நகர்ந்தன. கறுப்பு வெள்ளை உடம்பும் தடித்த அலகுமாக நண்டுண்ணிகள் ஒரு கூட்டம். நம் மன்னார் வளைகுடாவுக்குக் குளிர்காலத்தில் வருகிற இனம். ஒன்று ஓடி, நின்று, குனிந்து, ஒரு நண்டைத் தூக்கி உதறியது. ஒரு கால் கழன்று விழுந்தது. மறுபடி உதறியது. கொடுக்குகள் எல்லாம் உதிர்ந்த பிறகுதான் விழுங்கியது. பக்கத்தில் நின்ற, முழு உருவம் எட்டியும் இன்னும் சாம்பல் நிறம் மாறாத குஞ்சு வாயைத் திறந்து கத்தியபடியே பின்தொடர்ந்தது. இத்தனை மாதம் ஆகியும் பெற்றவை அதற்கு ஊட்டிக்கொண்டிருந்தன. கரைப்பறவைகளில் இப்படி நீண்ட காலம் ஊட்டுகிற இனம் அரிது. அக்கா வண்டியிலிருந்து இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினேன்.

கலூஃபில் கரை வெள்ளையாக இருந்தது. வண்டி போக வேண்டுமானால் டயரில் காற்றை இறக்க வேண்டும். பிக்கப்பில் சாய்ந்து நின்ற ஒரு வயதான பெதுயின், யாரும் கேட்காமலே வந்து குந்தி உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்த சாவி நுனியால் வால்வை அழுத்தினார். காற்று சீறியது. அத்தான் அளவுமானியை நீட்டினார், அவர் வாங்கவில்லை. டயர் தரையைத் தொடுகிற இடத்தில் எவ்வளவு பிதுங்குகிறது என்பதை மட்டும் பார்த்தார். போதும் என்று தோன்றியதும் சாவியை எடுத்தார். நாலு டயருக்கும் அப்படியே. அத்தான் பிறகு அளந்து பார்த்தார், நாலும் பதினாறு பதினேழு பிஎஸ்ஐக்குள் இருந்தன. கிழவர் பேரீச்சம்பழம் இரண்டைக் கொடுத்துவிட்டுத் தன் பிக்கப்புக்கே போய்விட்டார்.

கடலிலிருந்து வள்ளங்கள் வந்தன. துறைமுகம் கிடையாது. பிக்கப்பைப் பின்னால் ஓட்டி அலைக்குள்ளேயே இறக்கி, கயிற்றை வள்ளத்தின் மூக்கில் மாட்டி, ஒரே இழுப்பில் மணல்மேல் ஏற்றிவிடுகிறார்கள். வள்ளம் நின்றதும் ஐஸ் லாரி நெருங்கியது. உள்ளே வஞ்சிரம், ஒவ்வொன்றும் ஒரு கை நீளம். லாரிக்காரர் எடையைச் சொல்லச் சொல்ல ஒருவர் அட்டையில் குறித்துக்கொண்டார். இன்றைக்கே துபாய் போகும் மீன்.

சற்றுத் தள்ளி ஒருவர் மணலில் காலை நீட்டி உட்கார்ந்து, பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து, கிழிந்த கண்ணிகளைக் கோத்துக்கொண்டிருந்தார். அக்காவின் பேச்சு காதில் விழுந்ததும் ஊசி நின்றது.

"தமிழா? நாட்ல எங்கக்கா?"

அக்கா சொன்னாள். அவருக்குக் குளச்சல் பக்கம். பேசுகிற வாய்ப்புக் கிடைத்தவர் மாதிரி இல்லை. ஒவ்வொரு சொல்லாக, ஊசியை ஓட்டிக்கொண்டே சொன்னார். வஞ்சிரத்தை அவர் நெய்மீன் என்றார். ஆகஸ்ட் 15இலிருந்து அக்டோபர் 15வரை இங்கே நெய்மீன் பிடிக்கத் தடை. அந்தக் காலத்தில் லீவு வாங்கினால் ஊருக்கு ஒரு நடை போய்வரலாம். மற்ற மாதங்களில் இந்தக் கரையும் அந்தத் தகரக் கொட்டகையும்தான்.

"நம்ம கடல மாதிரியா இருக்கு?" என்று அத்தான் கேட்டார்.

அவர் கடலைப் பார்த்தார். "மழைக்காலத்துல வந்து பாக்கணும் அண்ணே. நம்ம ஊர்ல அப்பொ சூடு. இங்க தண்ணி ஐஸா இருக்கும். கைய வைக்க முடியாது. அதுலதான் மீனு வரும்."

அது உண்மை. தென்மேற்குப் பருவக்காற்று இந்தக் கரையோரத்து மேல்நீரைத் தள்ளிக்கொண்டு போக, அடியாழத்துக் குளிர்நீர் சத்துகளோடு மேலே எழுகிறது. உலகத்தில் பிடிபடும் மீன்களில் ஒரு பெரும் பங்குக்கு இப்படிப்பட்ட சில கரைகளே தாய்வீடு. ஆய்வுக் கப்பல்கள் அளந்து எழுதிவைத்ததை அவர் கை வைத்துத் தெரிந்துகொண்டிருக்கிறார். கிளம்பும்போது அக்கா முறுக்கு டப்பாவைக் கொடுத்தாள். வாங்கிப் பக்கத்தில் மணலில் வைத்துக்கொண்டார். "பத்தாக்கா புதுப்பிக்கணும், அர்பாப் மஸ்கட் போகும்போது கூட வருவேன்" என்றார், எதற்கோ பதில் போல. பத்தாக்கா என்றால் குடியிருப்பு அட்டை, அர்பாப் முதலாளி. வேறு எதையும் கேட்கவில்லை.

துக்மைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. 2011இல் சிறப்புப் பொருளாதார மண்டலமாக அறிவிக்கப்படும்வரை மீனவக் கிராமம்; இன்று துறைமுகமும் கப்பல் பழுதுபார்க்கும் தளமும், நாளொன்றுக்கு 2,30,000 பீப்பாய் எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலையும். அகலமான சாலைகளில் விளக்குகள் வரிசையாக எரிந்தன, கீழே வண்டிகள் இல்லை. விடியலில் ஒரு பேருந்து நின்றிருந்தது. நீல கவரால் அணிந்தவர்கள் வரிசையாக ஏறினார்கள். கடைசியாக நின்றவர் போனைக் கையை நீட்டிப் பிடித்திருந்தார், திரையில் பள்ளிச் சீருடையில் ஒரு குழந்தை. ஓட்டுநர் என்ஜினைக் கிளப்பினார். இவர் ஏறவில்லை. குழந்தை தலையைத் திருப்பிப் புத்தகப்பையைக் காட்டியது. பார்த்து முடித்த பிறகுதான் ஏறினார். ஓட்டுநர் அதுவரை கதவை மூடாமல் இருந்தார். அந்த ஓட்டுநருக்கு என் வணக்கம்.

உள்ளே ஹைமா பக்கம் திரும்பும் சாலையில் ஓரிக்ஸ் படம் போட்ட பலகை உண்டு. வெண்ணிற உடம்பும் நேரான நீண்ட கொம்புகளும் கொண்ட அரேபிய மான் இனம். காட்டில் வாழ்ந்த கடைசி மந்தையை 1972இல் இந்த ஜித்தத் அல் ஹராசிஸ் சமவெளியில்தான் சுட்டு முடித்தார்கள். வெளிநாட்டு விலங்குக்காட்சி சாலைகளில் பெருக்கியவற்றிலிருந்து 1982இல் பத்தை இங்கேயே திரும்ப விட்டார்கள். காவலுக்கு நின்றவர்கள் ஹராசிஸ் பழங்குடியினர், அந்த மண்ணின் ஆட்கள். 1996இல் 450வரை பெருகியது. பிறகு உயிரோடு பிடித்து விற்கும் திருடர்கள் வந்தார்கள். 2007இல் 65தான் மிச்சம். அந்த ஆண்டே சரணாலயத்தின் பரப்பில் பத்தில் ஒன்பது பங்கை அரசு வெட்டிவிட, யுனெஸ்கோ தன் உலக மரபுப் பட்டியலிலிருந்து இதை நீக்கியது. அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட முதல் இடம் இதுதான். வேலிக்குள் வளர்ப்பவை இன்று பெருகியிருக்கின்றன. ஆனால் அந்தச் சமவெளியில் ஒரு மந்தை தன் விருப்பத்துக்குப் பனி தேடி நடந்து போவதை பார்க்க முடியவில்லை என்பதில் எனக்கு ஆறாத வருத்தம் உண்டு.

ஷுவைமியாவுக்குப் பிறகு சாலை மலையைப் பிடித்துக்கொள்கிறது. சம்ஹான் மலை கடலுக்குள் செங்குத்தாக இறங்கும் இடம். அதன் விலாவை வெடிவைத்துக் குடைந்து ஹாசிக்வரை வழி செய்திருக்கிறார்கள். கீழே கடல், தூரத்தில் ஹல்லானியாத் தீவுகள் புகைபோலத் தெரிந்தன. 1503இல் வாஸ்கோ ட காமாவின் கப்பற்படையில் இரண்டு கப்பல்கள் அங்கே நங்கூரமிட்டிருந்தன. பெருங்காற்று வரப்போகிறது, இடம் மாற்றுங்கள் என்று தீவுவாசிகள் சொன்னார்கள். கப்பல்களின் தலைவர்களான சொத்ரே சகோதரர்கள் கேட்கவில்லை. காற்று வந்தது. எஸ்மெரால்தா கப்பலோடு அவர்களில் ஒருவனான விசெந்தேயும் மூழ்கிப்போனான். 1998இல் உடைந்த கப்பல் தென்பட்டு, 2013க்குப் பிறகு முறையாகத் தோண்டியெடுத்து, 2016இல் உலகுக்கு அறிவித்தார்கள். வரலாற்றில் சொத்ரேயின் பெயர் இருக்கிறது. எச்சரித்தவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை.

மிர்பாத்தில் கரை நெடுகச் சாளை காய்ந்துகொண்டிருந்தது. கண்ணுக்கு எட்டியவரை வெள்ளி. இந்தப் பருவத்தில் கரைவலையில் அள்ளி, மணலிலேயே பரப்பி, ஒட்டகத்துக்கும் மாட்டுக்கும் தீவனமாக மூட்டை கட்டுகிறார்கள். புல் இல்லாத மாதங்களை மலைக்கால்நடை மீனைத் தின்றே கடக்கிறது. முழங்கால்வரை லுங்கியை மடித்த இருவர் மரப்பலகைகளால் மீனைப் புரட்டிக்கொண்டே போனார்கள். பின்னால் ஒட்டகம் ஒன்று, யாரும் விரட்டாமல், ஓரத்து மீனை மென்றுகொண்டிருந்தது.

சலாலாவுக்குச் சற்று முன்னால் கோர் ரோரி. கழிமுகத்தை மணல்திட்டு அடைத்துவிட்டது; உள்ளே தேங்கிய நீரில் ஒட்டகங்கள் வயிறுவரை நனைந்து நின்றன. மேட்டில் சும்ஹுரம் கோட்டையின் கல்சுவர்கள். ஹத்ரமவுத் அரசர்கள் சாம்பிராணி ஏற்றுமதிக்கென்று கட்டிய துறைமுக நகரம். இதை மோஷா என்று குறிப்பிடும் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளூஸ், பருவம் தப்பி வரும் தமிழ்க் கரைக் கப்பல்கள் குளிர்காலத்தை இங்கே கழிக்கும் என்கிறது. துணியும் கோதுமையும் எள்ளெண்ணெயும் கொடுத்துச் சாம்பிராணி வாங்கிக்கொள்ளும் என்கிறது. 2006இல் இத்தாலியத் தொல்லியல் குழு இங்குள்ள குடியிருப்புப் பகுதியில் ஒரு பானை ஓட்டைக் கண்டெடுத்தது. ஜாடி ஒன்றின் மூடியாகப் பயன்பட்டது. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த அதில் தமிழ் பிராமி எழுத்தில் ஒரு பெயர் கீறியிருந்தது: ணந்தை கீரன்.

நான் அந்தக் குடியிருப்புச் சுவர்களுக்கு நடுவே நின்றேன். இடுப்பளவு உயரம், கட்டில் போட்டால் நிறைந்துவிடும் அறைகள். கீரன் வணிகனா, மாலுமியா, யாருக்கோ கணக்கு எழுதியவனா, ஓடு சொல்லவில்லை. காற்று திரும்பும்வரை இங்கிருந்து ஒரு கப்பலும் கிழக்கே நகர முடியாது. இதே தை மாதக் காற்றில், இதே கழிமுகத்தைப் பார்த்துக்கொண்டு, அவனும் இருந்திருப்பான். தன் ஜாடி இது என்று அடுத்தவன் தெரிந்துகொள்ளப் பெயரைக் கீறி வைத்திருக்கிறான். கலூஃபின் கொட்டகையில் தண்ணீர்க் குடுவைகள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றிலும் மார்க்கர் பேனாவால் ஒரு பெயர். மலையாளத்தில், வங்காளத்தில். ஒன்று தமிழில்.

சலாலாவின் கடற்கரைச் சாலையில் தென்னந்தோப்பை ஒட்டி இளநீர்க் கடைகள். வாழைத்தார்கள் கயிற்றில் தொங்கின, பப்பாளி அடுக்கியிருந்தது. வெட்டியவர் வங்கதேசத்துக்காரர், எங்களிடம் பேசியது மலையாளம்.

"கரீஃபுக்கு வரணும். ஜூன் கடைசியில மழைச்சாரல் தொடங்கும், மலையெல்லாம் பச்சையாகிரும். துபாய்க்காரங்க, குவைத்காரங்க எல்லாம் வருவாங்க. இப்ப ஒண்ணும் இல்லியே."

அக்கா வந்த வழியைச் சொன்னாள். அவர் அரிவாளை நிறுத்தினார். "அந்தக் கடல்ரோடா? நான் முதல்ல வேலைக்கு வந்தது அங்கதான், ஹாசிக் பக்கம்." மலையை வெட்டியபோது கல் அள்ளும் வண்டியில் இருந்தாராம். மணல்திட்டு இறங்கும் வளைவில் பாறை விழும், பார்த்துப் போக வேண்டும் என்று அடையாளம் சொன்னார். அந்த வளைவை நாங்கள் தாண்டி வந்தது அத்தானுக்கும் நினைவிருந்தது. இருவரும் அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டார்கள்.

திரும்பிப் போவது உள்வழியில். தும்ரைத்தைத் தாண்டினால் ஹைமாவரை நிழல் இல்லை. வழிக்கு நாலு இளநீர் சீவித் தரச் சொன்னார் அத்தான்.